உலைக்கு முன்னே ஆள் வேண்டும்: டாக்டர் ஹோமி பாபாவின் வரலாறு

கோடை விடுமுறை தொடங்கும் வேளையில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பம்பாயில் டிராம்பே என்னுமிடத்தில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு நேர்முகத் தேர்வுக்கு வரும்படி எழுதியிருந்தார்கள். விடுதி நண்பர்கள் தேநீர் வாங்கித் தரச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். நானும் மகிழ்ச்சியோடு ஊருக்குத் தொலைபேசி செய்தேன்.

எங்கள் ஊர் கல்பாக்கத்தை அடுத்த ஒரு கடற்கரைக் குப்பம். வீட்டு வாசலில் நின்றால் அணுமின் நிலையம் கண்ணுக்குத் தெரியும். என் தகப்பனார் சந்தோஷப்பட்டார். ஆயாவோ சந்தோஷப்படவில்லை, கோபிக்கவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த உலையை ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தது யார், அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களுக்குக் கற்றுத் தந்தது யார் என்று கேட்டாள். எங்கள் குப்பத்தில் அலையைப் படிக்கத் தெரியாதவன் கையில் யாரும் படகைக் கொடுக்க மாட்டார்கள். அந்த நியாயத்தில் பிறந்த கேள்வி அது.

பொறியியல் படித்து இறுதியாண்டை முடிக்கும் எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். இரண்டு வாரம் படித்தேன். எந்தப் பக்கம் புரட்டினாலும் கேள்வி ஒரு மனிதரிடமே போய் நின்றது. அவர் இறந்து அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றனவோ ஆகிவிட்டனவோ என்று விரல்விட்டு எண்ணும் நம்மவர்க்கு அவர் பெயர் மட்டுமே தெரியும்; வாழ்க்கை தெரியாது. ஆகவே நம் சங்கத்து அன்பர்களுக்கு அதைச் சொல்ல முற்பட்டேன்.

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். அத்தை டோராப்ஜி டாட்டாவின் மனைவி. செல்வமும் புத்தகமும் இசைத்தட்டும் நிறைந்த வீடு. 1927-ஆம் ஆண்டு அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். இயந்திரப் பொறியியல் கற்றுத் திரும்பி ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பொறுப்பேற்க வேண்டும் என்பது பெரியவர்களின் எண்ணம். பிள்ளைக்கோ பௌதிகத்தில் மோகம். பொறியியல் தனக்கு ஏற்றதன்று என்று தந்தைக்கு எழுதினார். தந்தை ஒரு நிபந்தனை விதித்தார்: முதலில் பொறியியலில் முதல் வகுப்பில் தேறு, பிறகு கணிதம் படிக்கப் பணம் தருகிறேன். மகன் இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினார்.

நம்மில் எத்தனை பேர் வீட்டாருக்காக ஒன்றும் மனத்துக்காக ஒன்றும் படிக்கிறோம்! பாபாவுக்கு அந்த இரண்டும் பின்னாளில் பயன்பட்டன. கணக்குப் போடவும் தெரிந்தவர், பம்பும் வால்வும் இன்னதென்று அறிந்தவர் என்பதால்தான் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் அவர் சொல்லைக் கேட்டார்கள்.

கேம்பிரிட்ஜில் அவர் செய்த ஆராய்ச்சிகளை இங்கே விரிக்கப் போவதில்லை. எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் மோதிச் சிதறுவதை அவர் கணக்கிட்டார். அதற்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. 1937-ஆம் ஆண்டு ஹைட்லர் என்பவரோடு சேர்ந்து விண்வெளிக் கதிர்கள் மழைபோல் பெருகுவதற்குக் காரணம் காட்டினார். நமக்கு வேண்டியது வேறு விஷயம். அந்த நாளில் கேம்பிரிட்ஜில் அவர் பழகியவர்கள் யார் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜான் காக்ராஃப்ட் என்பவர் பின்னாளில் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரானார். டபிள்யூ. பி. லூயிஸ் என்பவர் கனடாவின் சாக் ரிவர் நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். ஒரே சோதனைச்சாலையின் நடையில் பழகிய இளைஞர்கள், இருபது ஆண்டுகள் கழித்து மூன்று நாடுகளின் அணுத்துறைகளை நடத்தினார்கள். தேசங்களின் ஒத்துழைப்பு என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதன் வேர் பல வேளைகளில் இப்படிப்பட்ட நட்பிலேதான் இருக்கிறது.

1939-ஆம் ஆண்டு பாபா விடுமுறைக்குத் தாயகம் வந்தார். உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக இயலவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நம் சர் சி. வி. ராமன் அவருக்கு இடம் கொடுத்தார். அங்கே விண்வெளிக் கதிர் ஆராய்ச்சிக்கு ஒரு பிரிவு அமைத்தார். 1941-ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினர் ஆனார். ஓவியம் தீட்டுவார், மேனாட்டு இசையில் ஊறியவர். ராமன் அவரை லியோனார்டோ டா வின்ச்சிக்கு ஒப்பிட்டுப் பேசியதுண்டு. ராமன் எளிதில் எவரையும் புகழ்பவர் அல்லர் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போர் முடியும் முன்னமே, 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், டாட்டா அறநிலையத்துக்கு பாபா ஒரு கடிதம் எழுதினார். ஹிரோஷிமாவில் குண்டு விழ இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. அணுசக்தியால் மின்சாரம் எடுக்கும் காலம் இன்னும் இருபது ஆண்டுகளில் வரும். அப்போது வல்லுநர்களைத் தேடி இந்தியா அயல்நாட்டுக்குப் போகக்கூடாது. அவர்கள் இங்கேயே ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து. உலையைக் கேட்கவில்லை, யுரேனியத்தைக் கேட்கவில்லை. ஆள் உருவாக்க ஒரு பள்ளியைக் கேட்டார். அப்படிப் பிறந்ததே 1945-ஆம் ஆண்டின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம். 1948-ஆம் ஆண்டு அணுசக்திக் கமிஷன் ஏற்பட்டது. பாபா அதன் தலைவர். 1954-ஆம் ஆண்டு டிராம்பே நிலையமும் மத்திய அரசின் அணுசக்தித் துறையும் தோன்றின. இரண்டுக்கும் அவரே தலைமை.

1955-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜினீவா நகரில் ஐக்கிய நாடுகள் சபை ஒரு மாநாட்டைக் கூட்டியது. அணுவை ஆக்க வேலைகளுக்குப் பயன்படுத்துவது பற்றிய முதல் உலக மாநாடு அது. எழுபதுக்கு மேற்பட்ட நாடுகள் வந்தன. அதற்கு முந்திய பத்து ஆண்டுகளும் அணு விஷயம் முழுவதும் பூட்டி வைக்கப்பட்ட ரகசியம். ஒரு நாடு கண்டதை மறு நாடு அறியாது. ஒரு நாட்டில் நேர்ந்த தவற்றை மறு நாடு கேட்டதில்லை. ஜினீவாவில் அந்தப் பூட்டு கொஞ்சம் திறந்தது. அமெரிக்கரும் ரஷ்யரும் ஒரே மேடையில் தங்கள் கணக்குகளை வைத்தார்கள். தனித்தனியே அளந்த அளவுகள் ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார்கள். அந்தச் சபைக்குத் தலைவராக அமர்ந்தவர் அப்போது 45 வயதுடைய பாபா. இருபது ஆண்டுகளுக்குள் சூரியனில் நிகழும் அணுப் பிணைப்பை மனிதன் கட்டுப்படுத்திவிடுவான் என்றும் அங்கே முன்னறிவித்தார். அது இன்றளவும் கைகூடவில்லை. பெரியவர்களின் கணக்கும் தவறும்.

ஆனால் அவர் கைக்கு எட்டிய வேலையில் தாமதம் இல்லை. 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் டிராம்பேயில் அப்ஸரா உலை இயங்கத் தொடங்கியது. நீச்சல் குளம் போன்ற தொட்டியில் அமைந்த சிறிய உலை. கட்டியவர்கள் நம்மவர்கள், எரிபொருள் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதே ஆண்டு கனடாவோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கொழும்புத் திட்டத்தின்கீழ் 40 மெகாவாட் வெப்பத் திறனுடைய பெரிய ஆராய்ச்சி உலையைக் கனடா அளிக்க முன்வந்தது. சாக் ரிவரில் இருந்த என்.ஆர்.எக்ஸ் என்னும் உலையே அதற்கு மாதிரி. நம் பொறியாளர்கள் பயிற்சிக்காக அட்டாவா நதிக்கரைக்குப் போனார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஏனெனில் அந்த என்.ஆர்.எக்ஸ் உலைக்கு ஒரு கதை உண்டு.

1952-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள். கீழ்த்தளத்தில் வேலை செய்த ஊழியர் ஒருவர் திறக்கக்கூடாத சில வால்வுகளைத் தவறுதலாகத் திறந்துவிட்டார். உலையை அடக்கி வைத்திருக்கும் தண்டுகளில் சில மேலே எழும்பின. கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. மேற்பார்வையாளர் கீழே ஓடி வால்வுகளை மூடினார். தண்டுகள் பழையபடி இறங்கிவிட்டன என்று நினைத்தார். அவை முழுவதும் இறங்கவில்லை. கீழே இருந்தபடியே தொலைபேசியில் மேலே இருந்த உதவியாளருக்கு இரண்டு பொத்தான்களை அழுத்தச் சொன்னார். 4, 3 என்று சொல்ல நினைத்தவர் வாய் தவறி 4, 1 என்று சொல்லிவிட்டார். மறுகணமே தவறு தெரிந்தது. திருத்திச் சொல்ல முயன்றார். ஆனால் உதவியாளர் பொத்தான்களை அழுத்துவதற்காகத் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார். 1-ஆம் பொத்தான் மேலும் சில தண்டுகளை உயர்த்தியது. உலையின் சக்தி எல்லை மீறியது. எரிபொருள் கோல்கள் சில உருகின. ஏறத்தாழ பத்து லட்சம் காலன் கதிரியக்க நீர் கீழ்த்தளத்தில் தேங்கியது. நல்ல காலமாக உயிர்ச்சேதம் இல்லை. சுத்தம் செய்ய வந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கடற்படையின் இளம் அதிகாரி. பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர். உலையின் உட்கலத்தைப் பெயர்த்தெடுத்துப் புதைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் உலை நின்றது.

அங்கே பழுதானது எந்திரம் மட்டுமா? தண்டுகள் ஒழுங்காக இறங்காதது எந்திரத்தின் குறை. விளக்கு அணைந்ததும் ஆபத்து நீங்கியது என்று நம்பச் செய்தது அமைப்பின் குறை. 3 என்பது 1 ஆனது மனிதனின் குறை. மூன்றும் ஒரே நாளில் கூடின. கனடா நாட்டார் அதை மறைக்காமல் ஆராய்ந்து எழுதினார்கள். இன்று உலகத்து அணுமின் நிலையங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் கட்டளை சொல்வார். கேட்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். சொன்னவர் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே கை பொத்தானுக்குப் போகும். பார்ப்பதற்குச் சிறுபிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத் தோன்றும். சாக் ரிவரின் கதையைப் படித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அந்த மாதிரியில் எழுந்த ஸைரஸ் உலை 1960-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பாபா பயிற்சிப் பள்ளியைத் திறந்துவிட்டார். எனக்கு அழைப்பு வந்திருப்பது அந்தப் பள்ளியிலிருந்துதான். அதன் ஏற்பாடு எளியது. பல்கலைக்கழகங்களிலிருந்து பௌதிகம், ரசாயனம், பொறியியல் படித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பது. ஓராண்டு காலம் உதவித்தொகை தந்து கற்பிப்பது. தேறினால் வேலை கொடுப்பது. பாடம் சொன்னவர்கள் டிராம்பேயில் வேலை செய்த விஞ்ஞானிகளே. பள்ளியை உருவாக்குவதில் ராஜா ராமண்ணா முன்னின்றார். பௌதிகக்காரன் கொதிகலனைப் பற்றியும், பொறியாளன் கதிரியக்கத்தைப் பற்றியும் கற்றே ஆக வேண்டும். ஒருவனுடைய வேலையை மற்றவன் அறியாத இடத்தில்தான் விபத்து நுழைகிறது என்பதை நினைத்தால் இந்த விதியின் அருமை விளங்கும்.

அடுத்தது வியன்னா. சர்வதேச அணுசக்தி நிறுவனத்தின் சட்டத்தை வரைந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 1956-ஆம் ஆண்டு நியூயார்க்கில் அது ஏற்கப்பட்டது. 1957-ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வியன்னாவில் அலுவலகம் அமைந்தது. உறுப்பு நாடுகளின் ஆட்களுக்குப் பயிற்சி தருவதும், பாதுகாப்புக்கான நெறிகளை வகுப்பதும் அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்ட கடமைகள். கதிரியக்கப் பொருள்களைப் பத்திரமாகக் கையாளுவது பற்றிய முதல் கைநூலை 1958-ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் வெளியிட்டது. அதன் விஞ்ஞான ஆலோசனைக் குழுவில் பாபா இருந்தார். 1960-களின் நடுவில் இந்தியாவும் பிலிப்பைன்ஸும் அந்நிறுவனமும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தின. டிராம்பேயில் செய்த கருவி மணிலா சென்றது. ஆசிய நாடுகளின் இளைஞர்கள் அதில் பயின்றார்கள். கற்றுக்கொண்டவன் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டான்.

1960-ஆம் ஆண்டு பாபா தம் நிலையத்தாருக்கு ஓர் ஆணை பிறப்பித்தார். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் முறையால் நிலையத்து ஊழியர்க்கோ வெளியார்க்கோ தீங்கு நேரக்கூடாது. அது மட்டும் போதாது. நாட்டின் மற்ற நிறுவனங்கள் பார்த்துப் பின்பற்றும் அளவுக்கு அது முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இவ்வளவும் எழுதிய பிறகு அவருடைய குறையைச் சொல்லாமல் விட்டால் ஆயாவின் கேள்விக்கு நான் பாதி விடையே சொன்னவன் ஆவேன்.

கமிஷனுக்குத் தலைவர், அரசுத் துறைக்குச் செயலர், டிராம்பேக்கு இயக்குநர், டாட்டா கழகத்துக்கும் இயக்குநர் எல்லாம் அவர் ஒருவரே. கட்டுகிறவரும் அவர், சரியாகக் கட்டினீரா என்று கேட்க வேண்டியவரும் அவர். அவர் நல்லவர் என்பது வேறு. ஏற்பாடு நல்லதா என்பது வேறு. அணுசக்திக்கென்று தனியான ஒழுங்குமுறை வாரியம் நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டில்தான் அமைந்தது.

மற்றொன்று. வியன்னா நிறுவனத்தின் கண்காணிப்பு விதிகளை அவர் கடுமையாக எதிர்த்தார். உதவி பெறும் ஏழை நாட்டுக்குக் காவல், வல்லரசுக்குக் காவல் இல்லை என்றால் உலகம் இரண்டு சாதியாகப் பிரியும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் காவல் இல்லாமல் கிடைத்த ஸைரஸ் உலையின் புளுட்டோனியமே 1974-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் பொக்ரானில் நடந்த வெடிப்புக்குப் பயன்பட்டது. கனடா கையை விலக்கிக்கொண்டது. இராஜஸ்தானத்தில் பாதி கட்டியிருந்த உலையை நம் பொறியாளர்கள் தாமே முடித்தார்கள். கல்பாக்கத்து முதல் உலையையும் தாமே கட்டி 1983-ஆம் ஆண்டு இயக்கினார்கள். அது பெருமைதான். அதே வேளையில் பிற நாட்டு நிலையங்களின் அனுபவத்தைக் கேட்டறியும் கதவு பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. பாதுகாப்பு விஷயத்தில் தனிமை ஒரு நஷ்டம்.

கதவு மறுபடி திறந்ததற்குக் காரணம் ஒரு கேடு. 1986-ஆம் ஆண்டு செர்னோபில் விபத்துக்குப் பிறகு, ஒரு நாட்டின் உலை எல்லா நாட்டின் கவலை என்பது எல்லோர்க்கும் விளங்கியது. 1989-ஆம் ஆண்டு மாஸ்கோவில் உலக அணுமின் நிலையத்தார் சங்கம் தோன்றியது. ஒரு நிலையத்தை மற்ற நாட்டு நிலையத்தில் பணி செய்பவர்கள் வந்து பார்த்துக் குறை சொல்வதே அதன் முக்கிய வேலை. இந்தியாவும் அதில் சேர்ந்தது. 2012-ஆம் ஆண்டு வியன்னாவின் ஆய்வுக் குழு ஒன்று இராஜஸ்தான நிலையத்தின் 3, 4-ஆம் உலைகளைப் பார்வையிட்டது.

இனி அவருடைய முடிவு. 1966-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள். வியன்னாவில் நடக்கவிருந்த ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்கு ஏர் இந்தியா விமானத்தில் பாபா புறப்பட்டிருந்தார். விமானம் ஜினீவாவை நெருங்கியது. பத்தாண்டுக்கு முன் அவர் தலைமை வகித்த அதே ஊர். மோன் பிளாங்க் மலையில் மோதி 117 பேரும் மாண்டார்கள். பாபாவுக்கு வயது 56.

அவர் சாவைப் பற்றிச் சதிக் கதைகள் பல உலவுகின்றன. அவற்றுக்கு ஆதாரம் இல்லை. பிரெஞ்சு விசாரணைக் குழு கண்டது வேறு. விமானத்தின் வழிகாட்டும் கருவிகளுள் ஒன்று பழுது. மலையைத் தாண்டிவிட்டதாக விமானி தவறாகக் கணக்கிட்டார். தரையிலிருந்த ராடார் அதிகாரி பிழையை உணர்ந்தார். சரியான இடத்தைச் சொன்னார். ஆனால் சொன்ன சொல் போதிய தெளிவாக இல்லை. விமானி அதை வேறாகப் புரிந்துகொண்டு கீழே இறங்கினார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாக் ரிவரில் ஓர் எண் மாறிற்று. மோன் பிளாங்கில் ஒரு சொல் தெளியவில்லை. கேட்டவர் திருப்பிச் சொல்லியிருந்தால், சொன்னவர் மறுபடி கேட்டிருந்தால் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆள்களைப் பயிற்றுவதற்கே வாழ்நாளைச் செலவிட்ட மனிதர், பாதுகாப்பு நெறிகளை வகுக்கும் ஊருக்குப் போகும் வழியில், அப்படி ஒரு பிழையால் மாண்டார்.

எங்கள் ஊர் விஷயம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப் பேரலை வந்தபோது நான் கைக்குழந்தை. எங்கள் படகும் வலையும் போயின. ஆயா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கல்பாக்கத்து ஊழியர் குடியிருப்பிலும் உயிர்கள் போயின. அன்று காலை இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் இறைக்கும் கட்டடத்தில் வெள்ளம் ஏறியது. பணியில் இருந்தவர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். மறு ஆண்டு பல நாட்டு வல்லுநர்கள் கல்பாக்கத்திலேயே கூடி, கடல் ஏறினால் உலையை எப்படிக் காப்பது என்று ஆராய்ந்தார்கள். ஆயினும் 2011-ஆம் ஆண்டு புகுஷிமாவில் கடல் ஏறி மூன்று உலைகள் உருகின. கூடிப் பேசுவது ஒன்று. பேசியதைச் செய்வது வேறு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆயாவுக்குத் தொலைபேசி செய்து இத்தனையும் சொன்னேன். உலையை ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது டிராம்பே. டிராம்பேக்குக் கற்றுக் கொடுத்தது இங்கிலாந்தும் கனடாவும். கனடாவுக்குக் கற்றுக் கொடுத்தது அவர்கள் செய்த தவறே என்றேன். பொறுமையாகக் கேட்டாள். பாபாவுக்கு மனைவி மக்கள் உண்டா என்று கேட்டாள். அவர் மணம் செய்துகொள்ளவில்லை என்றேன். அவரைப் பெற்றவள் இருந்தாளா என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை. பிறகு, அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தை நீயும் விடாமல் கைக்கொள்ள வேண்டும் என்றாள்.

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் அடுத்த மாதம் பம்பாய் செல்கிறேன். தேர்வு பெறுவேனோ மாட்டேனோ, அறியேன். பெற்றால், எங்கள் குப்பத்து வாசலில் நின்று பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஆவேன் என்பதை மட்டும் அறிவேன்.